மூன்றாம் மாஸ்டர் பிளான்: பள்ளிக்கரணைக்கு வந்து சேரும் தண்ணீரின் மொத்தக் கணக்கை யார் போடுவது?

கழுவேலி:

சென்னைப் பெருநகரின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2008இல் வந்தது. அதன் காலம் 2026உடன் முடிகிறது. அடுத்து 2046 வரை எங்கே வீடு, எங்கே ஐடி வளாகம், எந்தச் சாலையில் எத்தனை மாடி என்பதை மூன்றாம் பிளான்தான் முடிவு செய்யப் போகிறது. ஆட்சேபம் எழுதத் தயாராக இங்கே பலர் இருக்கிறோம். அவரவர் தெரு, அவரவர் ஏரி என்று பிரிந்து எழுதுவதற்கு முன்னால், ஒரு கேள்வியை எல்லோரும் சேர்ந்து கேட்டாக வேண்டும்.

பிளான் அனுமதிக்கிற எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டால் மொத்தத்தில் என்ன ஆகும்? இதற்குப் பதில் எழுதியே தீர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இன்று எந்தத் துறைக்கும் இல்லை.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரு வளாகம் கட்ட அனுமதி வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கான வளாகங்களுக்கு இடம் கொடுக்கிற பிளானுக்கு வேண்டாம். அந்த விண்ணப்பத்தின் முதல் படிவத்தில் 9.4 என்று ஒரு வரி உண்டு. பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற, வரப்போகிற இதே மாதிரித் திட்டங்களோடு சேர்ந்து கூட்டு விளைவு உண்டா என்று கேட்கும். இந்த விண்ணப்பங்கள் வெளியாகும் பரிவேஷ் இணையதளத்தில் தென்சென்னை விண்ணப்பங்களை எடுத்துப் பாருங்கள். நான் படித்தவற்றில் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் இருந்தது. பக்கத்து மனையில் பதினான்கு மாடி எழும்பிக்கொண்டிருக்கும்போதும் ‘இல்லை’தான். எழுதியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்து மனை, எதிர் மனை, மேல் ஏரிக்கரை என எல்லோருடைய கணக்கையும் அவர் எங்கே போய் வாங்குவார்? அந்தக் கணக்கு ஊருக்குப் பிளான் போடுகிறவர்களிடம் இருக்க வேண்டியது.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றின் கலங்கலில் (ஏரி நிரம்பினால் வழியும் வாய்) வழிவது அடுத்ததன் வரத்தாக இறங்கி வருகிற சங்கிலி ஏரிகள் தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கின்றன. வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கத்திலிருந்து வீராங்கால் ஓடை வருகிறது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழைநீர் ஒரே சதுப்பில் இறங்கி, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். உள்ளே வர இத்தனை வழி, வெளியே போக ஒரு மடுவு. அறுபதுகளில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த சதுப்பில் 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். குப்பைக் கிடங்கு, ரேடியல் சாலை, பறக்கும் ரயில் நிலையங்கள், நிறுவன வளாகங்கள், அடுக்குமாடிகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

வரைபலகை:

நான் கட்டடக் கலைஞர், திட்ட அனுமதிக் கோப்புகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இன்னொரு மதிப்பீடு என்றால் இன்னும் ஒரு கோப்பு, இன்னும் ஒரு வருடம், கடைசியில் அது வீடு வாங்குகிறவர் தலையில்தான் விழும். இப்போதே தீயணைப்பு, விமான நிலையம், நீர்வளத்துறை என்று வரிசையாக என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்குகிறோம். மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து கட்டாயம். பெரிய மனைகளில் திறந்தவெளிக்கென்று பத்து சதவீதம் நிலம் கொடுக்கிறோம். கழிவுநீரை அங்கேயே சுத்திகரிக்கிறோம். ஒவ்வொருவரும் விதிப்படி கட்டினால் மொத்தமும் விதிப்படி இருக்கத்தானே வேண்டும்? விதியை மீறியவர்களைப் பிடியுங்கள், சரி. ஒழுங்காகக் கட்டுகிறவனை ஏன் நிறுத்துகிறீர்கள்?

மதகடி:

வரைபலகை தம்பிக்கு. நான் ஏரி, கால்வாய் வேலையிலேயே ஓய்வுபெற்றவன். நீங்கள் கேட்டது நேர்மையான கேள்வி. விதிப்படியே கட்டினாலும் மொத்தம் கெடும் என்பதை ஒரு ஹெக்டேரை வைத்துக் காட்டுகிறேன்.

ஒரு ஹெக்டேரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 1,000 கனமீட்டர், அதாவது பத்து லட்சம் லிட்டர். புல்லும் மண்ணுமாக இருந்தால் அதில் சுமார் மூன்று லட்சம் ஓடி வரும் என்று வைப்போம். கான்கிரீட்டும் தார்ச்சாலையுமாக ஆனால் ஒன்பது லட்சம் ஓடும். கூடுதல் ஆறு லட்சம் லிட்டர். எல்லோரும் பேசுவது இதைப் பற்றித்தான். மழைநீர் சேகரிப்புக் குழி இதைத் தாங்கும் என்று கோப்பில் எழுதுவோம். ஐப்பசி கழிந்து கார்த்திகையில் சதுப்போரம் ஒரு குழி வெட்டிப் பாருங்கள், கையெட்டும் ஆழத்தில் தண்ணீர் நிற்கும். ஏற்கெனவே நிரம்பிய மண்ணில் குழி என்ன உறிஞ்சும்?

இதைவிடப் பெரிய விஷயம் மண் கொட்டுவது. தாழ்ந்த மனைக்கு வெள்ளப் பார்வையில் என்ஓசி கொடுக்கும்போது, மனையை இத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். வாங்குகிறவர் வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போடுவதுதான். ஒரு ஹெக்டேரை ஒன்றரை மீட்டர் உயர்த்தினால் 15,000 கனமீட்டர் மண். வெள்ள நேரத்தில் அந்த இடத்தில் நின்றிருக்கக்கூடிய ஒன்றரைக் கோடி லிட்டருக்கு அதன்பின் இடமில்லை. ஓடுநீரில் கூடிய ஆறு லட்சத்தைப் போல இருபத்தைந்து மடங்கு. அந்தத் தண்ணீர் உயர்த்தாத பக்கத்துத் தெருவுக்குப் போகும். அடுத்து அந்தத் தெருவில் கட்ட வருகிறவரிடமும் நிபந்தனை போடுவோம், இன்னும் அரை அடி சேர்த்து.

யாரும் விதியை மீறவில்லை. விதியே தண்ணீரை அடுத்த வீட்டுக்குத் தள்ளுகிறது. நூறு மனையை ஒரே தாளில் வைத்துப் பார்க்கிறவர்கள் கண்ணுக்குத்தான் இது தெரியும். மனைக்கு ஒரு கோப்பு என்று பிரித்துவிட்டால் கடைசிவரை தெரியாது.

புதுக்குடித்தனம்:

பெரும்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மதகடி ஐயா எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. வாங்குவதற்கு முன் எதைப் பார்ப்பது? யாராவது சொல்லுங்கள்.

வரைபலகை:

சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், நீர்வளத்துறை என்ஓசி இரண்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். என்ஓசியில் மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று இருக்கும். அதையும் எதிரே உள்ள சாலை மட்டத்தையும் ஒப்பிடுங்கள். உங்கள் தளம் உயரமாக இருந்து சாலை பள்ளத்தில் இருந்தால், வீடு நனையாது, ஆனால் பால் வாங்கக்கூடப் படகு வேண்டியிருக்கும். சர்வே எண்ணை வைத்து ராம்சர் எல்லையிலிருந்து தூரமும் பாருங்கள். அந்த எல்லையிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும் புதிய அனுமதி தர வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொன்னது. உங்கள் திட்டத்தின் அனுமதித் தேதி அதற்கு முன்னா பின்னா என்று பார்த்து, ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

மதகடி சார், மண் நிரப்பும் கணக்கை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. யோசிக்கிறேன்.

சியரா:

நான் கலிஃபோர்னியாவில் நகரத் திட்டமிடல் ஆலோசனை வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் குரோம்பேட்டை. கழுவேலி கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் இங்கே என் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இங்கே ஒவ்வொரு நகரமும் ஒரு பொதுத் திட்டம் வைத்திருக்க வேண்டும், நம் மாஸ்டர் பிளான் மாதிரி. அதைப் புதுப்பிக்கும்போது 1970ஆம் ஆண்டின் மாநிலச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி, பிளானுக்கே தாக்க அறிக்கை எழுத வேண்டும். அதில் கூட்டு விளைவு என்று தனி அலசல் கட்டாயம். அதைச் செய்ய இரண்டு வழி உண்டு. கடந்தவை, நடப்பவை, வரக்கூடியவை என்று சுற்றுவட்டாரத் திட்டங்களைப் பட்டியல் போட்டுக் கூட்டலாம். இல்லையென்றால் வட்டாரத் திட்டங்களில் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட மக்கள்தொகை, போக்குவரத்துக் கணிப்புகளை வைத்துச் செய்யலாம். நகரப் பிளானுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் பொருந்தும்.

இரண்டு தீர்ப்புகளை நம் ஆட்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது 1982இல் எல் டொராடோ கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) வழக்கு. பழைய பிளான் அனுமதித்ததைவிடப் புதிய பிளான் குறைவாகத்தான் அனுமதிக்கிறது, அதனால் பாதிப்பு குறைகிறது என்று கவுன்டி வாதாடியது. பழைய பிளான் அனுமதித்தது காகிதத்தில் இருந்தது, நிலத்தில் இல்லை. இன்று நிலத்தில் என்ன இருக்கிறதோ அதோடு ஒப்பிட்டுச் சொல் என்றது நீதிமன்றம். மூன்றாம் மாஸ்டர் பிளானிலும் இதே வாதம் வரும், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பிளானிலேயே இது குடியிருப்பு மண்டலம்தான், நாங்கள் புதிதாக எதையும் மாற்றவில்லை என்பார்கள். இன்றைக்கும் அங்கே கோரையும் தண்ணீரும் இருந்தால், கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது 1990இல் ஹான்ஃபோர்டு நகர வழக்கு. நிலக்கரியில் ஓடும் 26.4 மெகாவாட் ஆலை ஒன்றுக்கு அந்த நகரம் அனுமதி கொடுத்தது. அந்தப் பள்ளத்தாக்கின் காற்று ஏற்கெனவே கெட்டுப்போனது. வட்டாரத்தின் மொத்தப் புகையில் இந்த ஆலையின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே பொருட்படுத்த வேண்டியதில்லை என்று அறிக்கை சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காற்று எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்குச் சின்னப் பங்கும் பெரிதாகிறது என்றது. வேறு மாதிரி முடிவு செய்திருந்தால், எங்கே கேடு அதிகமோ அங்கே புதுக் கேடு செய்வது சுலபமாகியிருக்கும்.

நாராயணபுரம் ஏரியிலும் அப்படித்தான். நிரம்பி வழியும் நாளில் ஒரு வளாகத்தின் ஆறு லட்சம் லிட்டர் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் பதில் எப்போதுமே ‘மிகச் சிறியது’. அந்த ஏரி இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

வரைபலகை:

சியரா, கலிஃபோர்னியாவை உதாரணம் காட்டுவதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. அதே சட்டத்தை வைத்து அக்கம்பக்கத்தார் ஏழைகளுக்கான குடியிருப்பைக்கூட வருடக்கணக்கில் முடக்கிய கதைகள் உண்டு. வாடகை தாங்காமல் ஜனம் காரில் தூங்குகிறது. கடைசியில் 2025 ஜூனில் மாநிலமே நகருக்குள் கட்டும் வீடுகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டதே? அவர்களே கழற்றுகிற சட்டையை நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

சியரா:

நியாயமான குத்து, மறுக்க மாட்டேன். முடக்கியது உண்மை. ஆனால் எதற்கு விலக்கு கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே கட்டடங்கள் சூழ்ந்த நகர்ப்புற மனைகளில், பிளானுக்கும் மண்டல விதிக்கும் ஒத்துப்போகிற வீடுகளுக்கு. சதுப்பு போன்ற இடங்களுக்கு அந்த விலக்கு கிடையாது. பிளானுக்கான தாக்க அறிக்கை என்ற கடமையும் போய்விடவில்லை.

உங்களைப் போன்றவர்களுக்கு இதில் லாபமும் இருக்கிறது. பிளான் அளவில் ஒரு முறை ஒழுங்காகக் கணக்குப் போட்டுவிட்டால், அந்தப் பிளானுக்குள் அடங்குகிற ஒவ்வொரு கட்டடமும் அதே பாட்டைத் திரும்பப் பாட வேண்டாம். அந்த மனைக்கே உரிய விஷயங்களை மட்டும் பார்த்தால் போதும் என்று விதியே இருக்கிறது. பிளான் போடுகிற சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒரு முறை செய்ய வேண்டியதைச் செய்யாததால்தான் நீங்கள் நூறு கோப்பில் நூறு முறை அரைகுறையாகச் செய்கிறீர்கள். அப்புறம் ஒரு நாள் தீர்ப்பாயம் ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு எல்லோரையும் ஒன்றாக நிறுத்துகிறது. ஒழுங்காகக் கட்டியவரும் அதில் மாட்டிக்கொள்கிறார்.

எண்ணூரான்:

எல்லோரும் தெற்கையே பேசுகிறீர்கள். இடத்தை மொத்தமாகப் பார்ப்பது இந்தியாவில் நடக்காத காரியம் இல்லை, எங்கள் பக்கமே நடந்திருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் ஒவ்வொரு தொழில் பகுதியின் காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டது. மணலிக்கு 76.32. எழுபதைத் தாண்டினால் கடும் மாசுப் பகுதி. 2010இல் அந்த மாதிரிப் பகுதிகளில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தற்காலிகத் தடை வந்தது. அன்றைக்கு எந்த ஆலையும் ‘என் புகைபோக்கி மட்டும் விதிப்படி இருக்கிறது’ என்று சொல்லித் தப்ப முடியவில்லை. தடை பிறகு விலகியது, எங்கள் மூச்சு பெரிதாக மாறவில்லை, அது வேறு வருத்தம். ஆனால் ஒரு வட்டாரத்தின் தாங்குதிறனை அளந்து, அதை வைத்து அனுமதியை நிறுத்தவும் முடியும் என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் இருக்கிறது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் சாம்பல், துறைமுகம், எண்ணெய் என்று எல்லாம் ஒரே நீரில் விழுகிறது. பிளானில் எங்களையும் ஒரு வட்டாரமாக வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கழுவேலி:

எண்ணூர் அண்ணனின் கோரிக்கையை அப்படியே மனுவில் சேர்க்கிறேன். கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு, கோவளம் என்று வடிநிலம் வடிநிலமாகக் கணக்கு வேண்டும். வார்டு எல்லைக்குத் தண்ணீர் கட்டுப்படாது.

இன்னொன்று என் மனதை அறுக்கிறது. பிளான் அச்சாகும்போது மட்டும் மொத்தம் மாறுவதில்லை, நடுவிலும் மாறுகிறது. 2008 பிளான் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பது, 1.5 என்று வைத்தது. 2019 பொதுக் கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. அகலமான சாலை என்றால் பணம் கட்டி அதற்கு மேலும் வாங்கலாம். ஒரே கையெழுத்தில் நகரம் முழுக்கக் கட்டக்கூடிய பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியது. அத்தனை பேருக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்று எந்தத் தாளிலும் கூட்டிப் பார்க்கச் சட்டம் சொல்லவில்லை. அதே 2019 ஜூனில்தான் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர அரசு திட்டம் போட்டது.

யார் மேல் விழுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். கூவம், அடையாற்றங்கரைகளில் இருந்த குடும்பங்களை வெள்ள ஆபத்து என்று சொல்லித்தான் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். இரண்டும் சதுப்பின் வடிகால் பாதையை ஒட்டியவை. ஆற்றங்கரையில் வேலைக்கு நடந்து போனவர்கள் இன்று இரண்டு பேருந்து மாறிப் போகிறார்கள், மழைக்காலத்தில் தண்ணீருக்குள்ளும் நிற்கிறார்கள். ஆற்றை மீட்கும் திட்டத்தின் அறிக்கையில் இது நன்மை. குடியிருப்புத் திட்டத்தின் அறிக்கையிலும் நன்மை. இரண்டையும் ஒரே தாளில் வைத்திருந்தால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கவே முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

வரைபலகை:

பெரும்பாக்கம் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மனுவில் என் தரப்பிலிருந்து ஒன்று சேருங்கள். வடிநிலத்துக்கு மொத்த நிரப்பு மண் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்து, ஒவ்வொரு அனுமதியும் அதிலிருந்து கழியட்டும். தீர்ந்தால் தூண் மேல்தான் கட்ட வேண்டும், கீழே தண்ணீர் நிற்க விட்டுவிட வேண்டும். எங்களுக்குச் செலவு கூடும். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி என்றால் போட்டியில் யாரும் நசுங்க மாட்டோம். பாதியில் வந்து நிறுத்துவதைவிட, முதலிலேயே இங்கே முடியாது என்று சொல்வது எவ்வளவோ மேல்.

மதகடி:

தம்பி சொன்ன வரம்பு நல்ல யோசனை. அதை எண்ணாகச் சொல்ல மட்டங்கள் வேண்டும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அந்த அளவை வைத்துச் சங்கிலியின் தலையிலிருந்து கணக்கை ஓட்டலாம். ஒவ்வொரு ஏரியின் கலங்கல் மட்டம், அடுத்த ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம், நடுவில் கால்வாயின் இன்றைய அகலம், இந்த மூன்றும் தெரிய வேண்டும். பழைய பதிவேட்டில் இருக்கிற அகலத்தை அப்படியே போடாதீர்கள், இடத்துக்குப் போய் நாடா பிடியுங்கள். மடுவுக்குக் கீழே கடல் ஏற்ற நேரத்தில் தண்ணீர் வாங்காது, அதையும் சேர்க்க வேண்டும்.

செம்பாக்கம், நன்மங்கலம் மட்டங்கள் என் குறிப்பில் இருக்கின்றன. கீழ்க்கட்டளையிலிருந்து நாராயணபுரம் வரையிலான கால்வாயை இந்த ஞாயிறு அளக்கலாம் என்றிருக்கிறேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் யார் வருகிறீர்கள்?

புதுக்குடித்தனம்:

நான் வருகிறேன் ஐயா. ஐம்பது மீட்டர் நாடா ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, கொண்டுவருகிறேன். எத்தனை மணிக்கு?

மதகடி:

காலை ஆறரை, கீழ்க்கட்டளை ஏரி மதகுப் பக்கம். ரப்பர் செருப்பு போட்டு வாருங்கள்.